டோங்காவா, ஜப்பான் தகரமா?

பழைய புல்டோசர், கிரேன் பொம்மை சேக்க ஆரம்பிக்கிறவங்க முதல்ல முழிக்கிறது இங்கதான். டோங்கா அமெரிக்கா பொம்மை கம்பெனி, மின்னசோட்டாவுல 1947ல அவங்க முதல்ல விட்டதே ஒரு ஸ்டீம் ஷவலும் (நீராவியில மண்ணு அள்ளுற மெஷின்) கிரேனும்தான் (டோங்காங்கிற கம்பெனி பேரு 1955லதான் வந்துச்சு). நல்ல தடி ஸ்டீல், பசங்க மணல்ல போட்டு மிதிச்சதுகூட இன்னைக்கும் உருளும், துரு புடிச்சா தேச்சு பெயின்ட் அடிச்சுக்கலாம், ஆனா பொம்மை சேக்குறவங்க ஒரிஜினல் பெயின்ட்டதான் கேப்பாங்க.

ஜப்பான் பொம்மை வேற ஜாதி. மெல்லிசு தகரம், தட்டையா இருக்கும்போதே அதுமேல கலர் கலரா அச்சடிச்சிட்டு அப்புறம்தான் வளைச்சு, ஓரத்துல விட்ட சின்ன காது மாதிரி பட்டைய மடிச்சு மாட்டுவாங்க, அதனால டிரைவர் மூஞ்சி, மீட்டர், போல்ட்டு எல்லாமே படமாவே இருக்கும், பாத்துக்கிட்டே இருக்கலாம்! ஆனா ஒரு கீறல் விழுந்தா போச்சு, அந்த அச்ச திரும்ப கொண்டு வரவே முடியாது. பேட்டரி மாடல்னா மூடிய கழட்டிப் பாக்காம வாங்காதீங்க, பழைய செல் கசிஞ்சு உள்ள அரிச்சிருக்கும். அடியில 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்'னு (வெளிநாட்டுப் படை கையில இருந்த ஜப்பான்ல செஞ்சது) இருந்தா ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு 1952க்குள்ள வந்த சரக்கு.

வீட்ல குழந்த இருந்தா டோங்கா. கண்ணாடி அலமாரி இருந்தா, என் ஓட்டு தகரத்துக்குத்தான்.