தேக்கா, அலுமினியமா: ஒரே ரௌட்டரில் ஃபீடு எவ்வளவு?

மதுரை கப்பலூர், புதூர் பக்கத்துப் பட்டறைகளில் ஒரே சிஎன்சி ரௌட்டரில் (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) தேக்குக் கதவும் ஓட்டுகிறார்கள், அலுமினியத் தகடும் ஓட்டுகிறார்கள். ஃபீடு, அதாவது வெட்டும் பிட் நகரும் வேகம், அதன் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்: ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) × பிட்டின் பல் எண்ணிக்கை × சிப் லோடு (ஒரு சுற்றில் ஒரு பல் சீவும் தடிமன்) = நிமிடத்துக்கு இத்தனை மிமீ. மாறுவது உள்ளே போடும் எண்கள்.

தேக்குக்கு 6 மிமீ கார்பைடு பிட், இரண்டு பல், 18,000 ஆர்பிஎம், சிப் லோடு 0.12 மிமீ என்றால் ஃபீடு 4,320. பயந்து 1,200-இல் ஓட்டினால் பல்லுக்கு 0.033 மிமீதான் கிடைக்கும். பல் வெட்டாது, உரசும், ஓரம் கருகும். தேக்கில் சிலிக்கா வேறு இருப்பதால் பிட் சீக்கிரம் மழுங்கும். வெட்டி விழும் தூளைக் கையில் அள்ளிப் பாருங்கள்: மாவாக வந்தால் ஃபீடு போதவில்லை, சீவலாக வந்தால் சரி.

அலுமினியத்துக்கு அதே 6 மிமீயில் ஒற்றைப் பல்தான் என் தேர்வு. சிப் வெளியேற இடம் தாராளம். 18,000 × 1 × 0.05 = 900. ஆழம் ஒரு பாஸுக்கு (ஒரு ஓட்டத்துக்கு) 0.5 மிமீயில் தொடங்குங்கள். காற்று விடாமல் அடிக்கட்டும். சிப் பல்லில் அப்பிக்கொண்டால் பிட் முறிந்துவிடும். மெஷின் அதிர்ந்தால் ஃபீடை மட்டும் குறைக்காதீர்கள். ஆர்பிஎம்மையும் சேர்த்து இறக்குங்கள்: 12,000-க்கு 600.

அலுமினிய ஃபினிஷிங்கில் பிட் பக்கவாட்டில் வெட்டும் அகலம் 0.6 மிமீதான் என்றால் சிப் மெலிந்துவிடும். ஃபீடை 1.67 மடங்கு, அதாவது 1,500 வரை ஏற்றலாம்.

இரும்பை இந்த ரௌட்டரில் போடாமல் மில்லிங் மெஷினுக்கே அனுப்புங்கள்.