காது மெஷின் வாங்கினேன், மூளைக்காக

காதுக்குப் பின்னால் உட்காரும் வகை, இரண்டு காதுக்கும் சேர்த்து ஜோடி 48,000 ரூபாய். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் மெஷினைவிட, அதை உங்கள் காதுக்குத் தகுந்தபடி செட் பண்ணிக் கொடுக்கும் ஆள்தான் முக்கியம். அந்த ஆள் சரியில்லை என்றால் லட்ச ரூபாய் மெஷினும் மேஜை டிராயரில்தான் கிடக்கும்.

எனக்கு 71 வயது. தஞ்சாவூரில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அம்மாவுக்குக் கடைசி காலத்தில் மறதி நோய் வந்தது. பெற்ற பிள்ளைகளையே "நீ யாரும்மா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதால், எனக்கும் என் அக்காவுக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் எப்போதும் உண்டு. ஞாபக சக்திக்கு என்று மருந்துக் கடையில் விற்கும் கேப்ஸ்யூல்களை மகன் வாங்கித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். வல்லாரைத் துவையல் எனக்குப் பிடிக்கும், அது வேறு. மூளை நலத்துக்காக எந்தச் சத்து மாத்திரையையும் பரிந்துரைக்க மாட்டோம் என்று உலக மூளை நல கவுன்சில் என்ற நிபுணர் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. பி12 போல ஏதாவது குறைவாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் தருவார், அதோடு சரி.

காதுக்குச் செலவு செய்யலாம் என்று நினைக்க வைத்தது, லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழுவின் 2024 அறிக்கை. மறதி நோய்க்கு வழிவகுப்பவற்றில் நம்மால் மாற்றக்கூடியவை என்று 14 விஷயங்களைச் சொல்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, உடற்பயிற்சி இல்லாமை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. காது மந்தமும் இருக்கிறது, அதுவும் பெரிய பங்கோடு. காது சரியாகக் கேட்காதபோது, எதிராளி சொன்னது என்ன என்று ஊகிப்பதிலேயே மூளையின் சக்தி போய்விடுகிறது. கேட்டதை நினைவில் வைக்க மிச்சம் இருப்பதில்லை. அப்புறம் பேச்சே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறோம். அக்காவோடு போனில் பேசுவதை நான் குறைத்துக்கொண்டதே அப்படித்தான்.

மெஷின் மாட்டினால் மறதி வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்று வருஷம் கவனித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் மெஷின் மாட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் வயதும் உடல் தொந்தரவுகளும் கூடுதலாக இருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, மெஷின் மாட்டியவர்களுக்கு யோசிக்கும் திறன் குறைகிற வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டிருந்தது. பிரஷரும் சர்க்கரையும் உள்ள எனக்கு இது போதுமான காரணம்.

முதலில் போனது ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசக் காது பரிசோதனை முகாம். மேலே மின்விசிறி சத்தம், பக்கத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம், அதற்கு நடுவே ஹெட்போனை மாட்டி "கேட்குதா?" என்றார்கள். காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் விலைப்பட்டியலை நீட்டி, இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். வயதானவர்களின் பயத்தை வைத்து இப்படி வியாபாரம் செய்வது எனக்கு வயிற்றெரிச்சல். எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனேன். டாக்டர் முதலில் அழுக்கை எடுத்தார். பிறகு சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். காது எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராம் தாளைக் கையில் கொடுத்து, அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) பெண் பொறுமையாக விளக்கினாள். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது மோசம் என்று அர்த்தம். கட்டையான ஒலிகளில் என் கோடு ஓரளவு மேலே இருந்தது; கீச்சு ஒலிகளுக்குப் போகப் போகச் சரிந்து கீழே இறங்கியது. "அம்மா, உயிரெழுத்து ஓசையெல்லாம் உங்களுக்குக் கேட்கும். ச, த, ப மாதிரி மெல்லிசான ஓசைதான் விட்டுப்போகும். அதனாலதான் பேசறது கேட்குது, புரியலைங்கறீங்க" என்றாள். 'பல்' என்கிறார்களா 'கல்' என்கிறார்களா என்று நான் தடுமாறியதற்குக் காரணம் அன்றுதான் தெரிந்தது. பேத்தியின் குரல் மட்டும் பிடிபடாமல் போனதற்கும் அதுவேதான்.

மாட்டிய புதிதில் கஷ்டம்தான். குழாய்த் தண்ணீர், செய்தித்தாள் மடிப்பு, என் செருப்புச் சத்தம் எல்லாம் காதுக்குள்ளேயே நடந்தன. குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப்போடும். நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மூளை பழைய ஒலிகளுக்குத் திரும்பப் பழக வாரக்கணக்கில் ஆகும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தாள். கூப்பிட்டபோதெல்லாம் கம்ப்யூட்டரில் இணைத்து ஒலியை ஏற்றி இறக்கிக் கொடுத்தாள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. வாங்குவதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. கல்யாண வீட்டில் மேளம் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது இப்போதும் புரிவதில்லை. மூக்குக் கண்ணாடிக் கம்பியும் மெஷினும் காதுக்குப் பின்னால் இடம் போதாமல் இடிக்கின்றன. சித்திரை வெயிலில் வியர்வை இறங்குகிறது. இரவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். தலையணையில் சாய்ந்தால் கீச்சென்று கத்தும். பேட்டரி மூடியோ விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பெரிய சோதனை. அவர்கள் சார்ஜ் போடும் வகையை வாங்குவது நல்லது.

பலன்? அக்காவோடு தினம் ராத்திரி பேசுகிறேன். கோயில் உபந்நியாசத்துக்குத் திரும்பப் போகிறேன், வீட்டுக்கு வந்து மருமகளிடம் கதையை முழுக்கச் சொல்ல முடிகிறது. என் மூளைக்கு எவ்வளவு நல்லது செய்திருக்கிறது என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் நடக்கிற பேச்சில் நானும் இருக்கிறேன்.

பணம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது பரிசோதனை செய்கிறார்கள். வருமானம் குறைந்த மூத்த குடிமக்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷின் உண்டு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமும் தருகிறார்கள், மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். இன்னொன்று, பேட்டரி பார்ப்பதற்கு மாத்திரை மாதிரியே இருக்கும். மாத்திரை டப்பா பக்கத்திலும் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.