லக்சம்பர்க்: உள்ளே குடியிருப்பதா, எல்லைக்கு அப்பாலா?

வேலைக்காக லக்சம்பர்க் வருபவர்களை முதலில் மலைக்க வைப்பது வீட்டு வாடகை. பிரான்ஸின் தியோன்வில், ஜெர்மனியின் டிரியர் போன்ற எல்லை ஊர்களில் அது நன்றாகவே குறைவு, ரயிலும் உண்டு. ஆனால் லக்சம்பர்க்கின் பொதுப் போக்குவரத்தில் 2020 முதல் நடப்பிலுள்ள இலவசப் பயணம் எல்லையோடு முடிகிறது, அதுவும் இரண்டாம் வகுப்பில்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்கள் ஆண்டுக்கு 34-ஐத் தாண்டினால், அந்த நாட்களின் சம்பளத்துக்குக் குடியிருக்கும் நாடு வரி கேட்கும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் உள்ளேயே வீடு பாருங்கள். லக்சம்பர்க் வதிவிட அட்டை பக்கத்து நாட்டில் குடியிருக்கும் உரிமையைத் தராது. வந்த 3 வேலை நாட்களுக்குள் உள்ளூர் நகராட்சியில் பதிவு, பிறகு மருத்துவப் பரிசோதனை, 3 மாதங்களுக்குள் வதிவிட அட்டைக்கு விண்ணப்பம். குடியுரிமைக்கான 5 ஆண்டும் உள்ளே வசித்தால்தான் சேரும். வாடகை இடித்தால் வடக்கே எட்டல்ப்ரூக் பக்கம் தேடலாம்; தலைநகருக்கு ரயில் இலவசம்.