ஹவுஸா, ஹோமா: எதை எங்கே எழுதுவது?

இரண்டையும் தமிழில் வீடு என்றே சொல்லிவிடுகிறோம். அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது கை தயங்குகிறது.

பிறப்பு
ஹவுஸ்: பழைய ஆங்கிலத்தின் 'ஹூஸ்'. ஹஸ்பண்ட் என்ற சொல்லின் முன்பாதியும் இதே வேர்தான். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் ஹஸ்பண்டின் மூலச்சொல் வீட்டுத் தலைவனைக் குறித்தது.
ஹோம்: பழைய ஆங்கிலத்தின் 'ஹாம்'. வீட்டோடு ஊரையும் குறித்த சொல். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் ஆகிய ஊர்ப் பெயர்களின் கடைசியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஹோம் என்றதும் ஊர் நினைவு வருவதற்கு அந்தப் பழைய பொருளும் துணை நிற்கிறது.

பொருள்
ஹவுஸ்: கட்டடம். விற்கலாம், இடிக்கலாம். சபைக்கும் அரச வம்சத்துக்கும்கூட வரும்: பிரிட்டன் நாடாளுமன்றத்தின் ஹவுஸ் ஆஃப் காமன்ஸ், 1917 முதல் அந்நாட்டு அரச வம்சத்தின் பெயரான ஹவுஸ் ஆஃப் விண்ட்சர்.
ஹோம்: நாம் சேர்ந்த இடம். வாடகை ஃபிளாட்டும் ஹோம்தான்.

வாக்கியத்தில்
ஹவுஸ்: 'டு' வேண்டும். 'ஐ ஆம் கோயிங் டு ஹிஸ் ஹவுஸ்.'
ஹோம்: 'ஐ ஆம் கோயிங் ஹோம்.' இங்கே அது வினையடை, அதனால் 'டு' வராது. நம்மில் பலர் தவறுவது இங்கேதான். 'வீட்டுக்கு' என்பதில் உள்ள 'கு' நம்மை இழுத்துவிடுகிறது.

சரி, எதை எடுப்பது? சதுர அடி, சுவர், கூரை பற்றி எழுதினால் ஹவுஸ். பண்டிகைக்கு ஊர் திரும்புவதை எழுதினால் ஹோம்.