பழைய தெருக்குழாய்க்குப் பதில் எது: கிளாம்ப், டிஐ, எச்டிபிஇ?

கோவையில் சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதன் ருசியில் ஒரு பெருமை உண்டு. அந்தத் தண்ணீர் பழைய வார்ப்பிரும்புக் குழாய்க்குள்ளும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்க்குள்ளும் புகுந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. மாற்றித்தான் ஆக வேண்டும். எதைப் போடுவது?

உடைந்த இடத்தைச் சுற்றி இறுக்கும் பட்டையான கிளாம்ப் போட்டு ஒப்பேற்றுவது இன்றைக்கு மலிவு, ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் நம் ஊர்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். வால்வை மூடியதும் குழாய் காலியாகி, விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கும். மறுபடி திறக்கும்போது காற்றும் தண்ணீரும் முட்டிக்கொண்டு ஓட, அடுத்த பலவீனமான இடம் உடையும். ஒரே லைனில் வருஷத்துக்கு மூன்று உடைப்பு என்றால், கிளாம்புக்குச் செலவழிப்பதை நிறுத்திவிடலாம் என்பேன்.

அப்புறம் டிஐ எனப்படும் வளையும் வார்ப்பிரும்பு. உள்ளே சிமெண்ட் பூச்சு, ரப்பர் வளையம் வைத்துத் தள்ளினால் இணைப்பு முடிந்தது. குழியில் ஈரம் இருந்தாலும் சமாளிக்கலாம். பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலைக்கு இதுதான் சரி. கனம் அதிகம், குறுகிய சந்தில் இறக்குவது பாடு. விலையும் இரும்போடும் நிலக்கரியோடும் சேர்ந்து ஏறும்.

எச்டிபிஇ எனப்படும் அடர்த்தியான பிளாஸ்டிக் குழாயின் விலை கச்சா எண்ணெயோடு ஆடும். 110 மி.மீ. வரை சுருளாகவே கிடைப்பதால் இணைப்புகள் குறைவு. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணில் இது வளைந்து கொடுக்கும்; ஆஸ்பெஸ்டாஸ் குழாய் அங்கேதான் முறிகிறது. ஆனால் முனைகளைச் சூடாக்கி ஒட்டும் பற்றவைப்பில் எல்லாம் இருக்கிறது. முனை சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஆறும் வரை அசைக்கக் கூடாது. அவசரப்பட்டு ஒட்டிய இணைப்பு பார்க்க நன்றாகவே இருக்கும், சில வருஷம் கழித்து விட்டுப்போகும். நமக்குக் கொஞ்சம் தோண்டினாலே பாறை; அடியில் மணல் பரப்பாமல் போட்டால் கல்முனை குத்தியே ஓட்டை விழும்.

விலையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். எச்டிபிஇயில் 110 என்பது வெளி விட்டம். பத்து கிலோ அழுத்தத்துக்கான பிஇ 100 (இது பிளாஸ்டிக்கின் தரப் பெயர், அளவு அல்ல) ரகத்தில் உள்ளே சுமார் 97 மி.மீ.தான். டிஐயில் 100 என்றால் உள்ளேயே ஏறக்குறைய 100. அளவு பெரிதாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

சரி, செலவு ஏன் இப்படி ஏறுகிறது? குழாய் விலை மட்டும் காரணமில்லை. அரசுக்குச் செய்யும் குடிநீர்ப் பணி ஒப்பந்தங்களுக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 10 கோடி ரூபாய் வேலைக்கு இதில் மட்டும் 60 லட்சம் கூடுதல். அதற்கு மேல் பாறை உடைப்பது, கான்கிரீட் சாலையை வெட்டித் திரும்பப் போடுவது, கேபிளையும் பாதாளச் சாக்கடையையும் சேதப்படுத்தாமல் தோண்டுவது. தெரு முழுக்கத் தோண்டாமல், பழைய குழாயை உள்ளிருந்தே உடைத்து அதன் வழியாக எச்டிபிஇயை இழுத்துச் செல்லும் முறையும் உண்டு. ஆனால் வீடுகள் நெருங்கிய தெருவில் ஒவ்வொரு இணைப்புக்கும் குழி தோண்ட வேண்டும், லாபம் அங்கே கரைந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் குழாய்க்கு இது வேண்டவே வேண்டாம். உடைந்த சில்லு மண்ணிலேயே தங்கும், அறுத்தால் வரும் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

என் தேர்வு: பெரிய சாலைக்கு டிஐ, தெருவுக்கு எச்டிபிஇ, பற்றவைத்த இணைப்புகளை அழுத்தம் ஏற்றிப் பார்த்த பிறகே மண்ணை மூட வேண்டும். உங்கள் தெருவில் வேலை தொடங்கும் முன் கவுன்சிலரிடம் ஒன்று கேளுங்கள்: வீட்டு இணைப்பும் எஸ்டிமேட்டில் இருக்கிறதா? துருப்பிடித்த பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அப்படியே புது லைனில் மாட்டிவிட்டால், கசிவும் சாக்கடை நாற்றமும் அந்த வழியாகவே திரும்பி வரும்.