காப்பீட்டு அட்டை: ஏழைகளுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

செலவு
வரம்போடு: அரசுக்குச் சுமை குறைவு.
எல்லோருக்கும்: பிரீமியம் கண்டிப்பாக ஏறும். ராஜஸ்தான் 2021-இல் இலவசப் பட்டியலில் வராத குடும்பங்களிடம் ஆண்டுக்கு 850 ரூபாய் வாங்கிச் சேர்த்துக்கொண்டது.

விடுபடுவோர்
வரம்போடு: ஜவுளிக்கடையில் மாதம் 12,000 ரூபாய் வாங்குபவரின் ஆண்டு வருமானம் 1,44,000. அவர் வெளியே! ஒரு இதய அறுவை சிகிச்சை வந்தால் நகை, நிலம் எல்லாம் போய்விடும். எனக்குப் பெரிய வருத்தமே இதில்தான்.
எல்லோருக்கும்: அவரும் உள்ளே.

அலைச்சல்
வரம்போடு: அப்பா படுக்கையில் கிடக்க, மகன் வருமானச் சான்றுக்கு ஓட வேண்டும்.
எல்லோருக்கும்: அந்தச் சான்றே தேவையில்லை.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு இரண்டுமே உதவாது. அதற்கு அரசு மருத்துவமனைதான்.

கஜானா நெருக்கடி என்றால் வரம்பையாவது உயர்த்துங்கள். நடுத்தட்டுக் குடும்பங்கள் கடனில் விழாமல் இருக்க வேண்டுமென்றால், சரி, சிறு கட்டணம் வைத்தாவது எல்லோரையும் சேருங்கள். என் ஓட்டு இதற்குத்தான்.