எச்சரிக்கை மடலா, முன்கூட்டிய பேச்சா? நோக்கியா தன் ஊழியர்களிடம் பேசிய விதங்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பெரிய மாற்றத்தில் இறங்கும் நிறுவனம் அதைத் தன் ஊழியர்களிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் மேலாண்மைத் துறையில் இரண்டு கட்சிகள் உண்டு. அபாயத்தை உள்ளபடி போட்டு உடைத்தால்தான் ஆட்கள் அசைவார்கள் என்பது ஒரு கட்சி. அவரவருக்கு அடுத்து என்ன வழி என்பதையும் கையோடு கொண்டுவந்து, முன்கூட்டியே நேரில் சொன்னால்தான் கடைசி நாள் வரை வேலை ஒழுங்காக நடக்கும் என்பது மறு கட்சி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க, ஃபின்லாந்தின் கைபேசி நிறுவனமான நோக்கியாவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2011க்கும் 2014க்கும் இடையில் அந்த நிறுவனம் இரண்டு வழிகளையும் கையாண்டது; இரண்டிலும் சேராத மோசமான வழி ஒன்றையும் அதற்கு முன்பே முயன்று பார்த்திருந்தது.

அந்த மோசமான வழியை முதலில் சொல்லி முடித்துவிடலாம். 2008 ஜனவரியில், ஜெர்மனியின் போஹும் நகரத் தொழிற்சாலையை மூடி உற்பத்தியை ருமேனியாவுக்குக் கொண்டுசெல்வதாக நோக்கியா அறிவித்தது. சுமார் 2,300 பேரின் வேலை போகவிருந்தது. நிறுவனம் அப்போது நல்ல லாபத்தில் இருந்தபடியால், மூடுவதற்குச் சொல்லப்பட்ட காரணம் தொழிலாளர்களிடமும் எடுபடவில்லை, ஊராரிடமும் எடுபடவில்லை. ஒரு வாரத்துக்குள் சுமார் 15,000 பேர் தெருவில் இறங்கினார்கள். நோக்கியா கைபேசியைப் புறக்கணிக்கும் பேச்சு அரசியல்வாதிகள் வரை போனது. தொழிலாளர்களுடன் உடன்பாடு கண்டு ஆலையை மூடுவதற்கு ஏறத்தாழ 20 கோடி யூரோ செலவானது. ஆளுக்கு 80,000 யூரோவுக்கு மேல் கணக்காகிறது. (அவ்வளவு பாடுபட்டுத் திறந்த ருமேனியத் தொழிற்சாலையையும் மூடுவதாக 2011இல் அறிவித்தார்கள் என்பது தனிக் கதை.)

இனி முதல் கட்சிக்கு வருவோம். 2010 செப்டம்பரில் தலைமைச் செயல் அலுவலராகப் பொறுப்பேற்ற ஸ்டீபன் ஈலோப், 2011 பிப்ரவரித் தொடக்கத்தில் ஊழியர்களுக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். வட கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்யும் ஒருவர், நள்ளிரவில் வெடிச்சத்தம் கேட்டு எழுந்து பார்க்கிறார். மேடை முழுவதும் தீ. நின்றால் நெருப்பு, குதித்தால் உறையவைக்கும் கடல். அவர் குதித்துப் பிழைக்கிறார். நாமும் எரியும் மேடையில்தான் நிற்கிறோம் என்பது அந்த மடலின் சாரம். ஐபோன் 2007இல் வந்துவிட்டது, அதற்கு ஈடான ஒன்று இன்னும் நம்மிடம் இல்லை என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். நாம் ஒரு பவர்பாயிண்ட் கோப்பை மெருகேற்றி முடிப்பதற்குள் சீன உற்பத்தியாளர்கள் ஒரு கைபேசியையே செய்து முடித்துவிடுகிறார்கள் என்ற வரியும் அதில் உண்டு. அந்த அலுவலகங்களில் உட்கார்ந்தவர்கள் சிரித்திருப்பார்களா, கூனிக் குறுகியிருப்பார்களா என்று சொல்வது கடினம்.

மடலில் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதை மறு கட்சியும் மறுக்கவில்லை. அது உடைத்த மௌனமும் சாதாரணமானதன்று. 2005 முதல் 2010 வரை நோக்கியாவுக்குள் நடந்ததைப் பற்றி க்வீ ஹூய், டிமோ வூரி என்ற இரு ஆய்வாளர்கள் 76 பேரைச் சந்தித்துப் பேசி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டது அச்சம். மேல்மட்டத்தார் சந்தையையும் முதலீட்டாளர்களையும் எண்ணி அஞ்சினார்கள். இடைநிலை மேலாளர்கள் மேல்மட்டத்தாருக்கு அஞ்சினார்கள். நோக்கியா ஸ்மார்ட்போன்களை இயக்கிய சிம்பியன் மென்பொருள் ஐபோனுக்கு ஈடுகொடுக்காது என்று கீழே தெரிந்திருந்தும், மேலே போகும் அறிக்கைகளில் அது பூசி மெழுகப்பட்டது. ஐந்தாண்டுகளாக மேலே ஏறாத உண்மையைத் தலைவரே எழுத்தில் வைத்தது ஒரு துணிச்சல்தான். அந்த அளவுக்கு முதல் கட்சியின் வாதத்தை ஏற்கிறேன்.

ஆனால் மடலைப் பெற்றவரின் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறாகிறது. மேடை எரிகிறது என்று சொன்ன மடல், எங்கே குதிப்பது என்பதைப் பிப்ரவரி 11ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தது. அதற்குள் அது ஊடகங்களில் கசிந்துவிட்டதால், ஊழியருக்கு எழுதியதைச் சில்லறை வணிகரும் தொலைபேசி சேவை நிறுவனங்களும் படித்தார்கள். சொன்ன தேதியில் வந்த செய்தி: இனி முதன்மை ஸ்மார்ட்போன்கள் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் மென்பொருளில் ஓடும். பங்கு விலை அன்றே சுமார் 14 சதவீதம் சரிந்தது. ஃபின்லாந்தில் ஊழியர்கள் கூட்டமாக அலுவலகத்தை விட்டு வெளியேறிய செய்தியும் வந்தது.

அதே அறிவிப்பில், மாற்றக் காலத்தில் இன்னும் 15 கோடி சிம்பியன் கைபேசிகளை விற்க எதிர்பார்ப்பதாகவும் நோக்கியா சொல்லியிருந்தது. எரிகிறது என்று தலைவரே எழுதிக்கொடுத்த மேடையில் நின்றுகொண்டு, அதே பொருளை மெருகேற்றி, அதே பொருளை விற்க வேண்டிய நிலை பொறியாளருக்கும் விற்பனைக்காரருக்கும் ஏற்பட்டது. விண்டோஸ் போன் மென்பொருளில் ஓடிய முதல் லூமியா கைபேசிகள் அறிமுகமானது அக்டோபரில்தான். இடைப்பட்ட எட்டு மாதங்களில் சிம்பியன் பொறியாளர் ஒருவர் காலையில் அலுவலகம் வந்து எந்த ஊக்கத்தோடு பிழை திருத்துவார்? குதிக்கச் சொன்னவருக்குக் கடல் எது என்று தெரியும். குதிக்க வேண்டியவருக்கு அது காட்டப்படவில்லை. நோக்கியாவின் வீழ்ச்சி முழுவதையும் இந்த மடலின் தலையில் கட்டுவது நியாயமில்லை, சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் சரிவைத் தடுக்க வேண்டிய கைகளையே அது தளர்த்தியது என்பது என் கணிப்பு.

இரண்டாம் வழி அதே ஆண்டிலேயே தொடங்கியது. தலைமைச் செயல் அலுவலரும் அதே ஈலோப்தான். நல்ல தலைவர் நன்றாகப் பேசுவார், கெட்ட தலைவர் மோசமாகப் பேசுவார் என்ற எளிய விளக்கம் இங்கே செல்லுபடியாகாது. 2011 ஏப்ரலில் சுமார் 4,000 பேரைக் குறைப்பதாகவும், மேலும் 3,000 பேரை அக்சென்சர் என்ற தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனத்துக்கு மாற்றுவதாகவும் அறிவித்த நோக்கியா, போஹும் அனுபவம் திரும்பக் கூடாது என்ற எண்ணத்தோடு ‘பிரிட்ஜ்’ என்ற திட்டத்தை வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் 13 நாடுகளில் சுமார் 18,000 பேர் அதன் வரம்புக்குள் வந்தார்கள்.

இந்தத் திட்டத்தில் தகவல் சொல்லும் முறைதான் கவனிக்க வேண்டியது. வேலை போகலாம் என்ற செய்தி முன்கூட்டியே, ஊழியர் அன்றாடம் பார்த்துப் பழகிய மேலாளரின் வாயிலாகவே வந்தது. செய்தியோடு தெரிவுகளும் வந்தன: நிறுவனத்துக்குள் வேறு வேலை தேடலாம், வெளியே தேட உதவி பெறலாம், புதிதாகப் படிக்கலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம், இவற்றில் சேராத வேறு பாதையும் போகலாம். தொழில் தொடங்குவோருக்கு ஆளுக்கு 25,000 யூரோ வரை நிதி உண்டு. இப்படிச் சுமார் 1,000 சிறு நிறுவனங்கள் முளைத்தன. நோக்கியா கைவிட்ட மீகோ மென்பொருளில் பணியாற்றியவர்கள் தொடங்கிய யொல்லாவும் அவற்றுள் ஒன்று. வேலையின் கடைசி நாளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது தெரிந்திருந்தது. திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 5 கோடி யூரோ, அதாவது ஆளுக்குச் சுமார் 2,800 யூரோ. போஹுமின் தொகையில் அரசியல் நெருக்கடியும் ஜெர்மன் சட்டமும் கலந்திருப்பதால் இரண்டையும் நேரடியாக வகுத்துப் பார்ப்பது சரியாகாது. ஆனாலும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது. அதைவிட முக்கியமாக, ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த வளாகங்களிலேயே வேலை தரம் குறையாமல் தொடர்ந்தது. போகப் போகிறவர்கள் ஏன் ஒழுங்காக வேலை செய்தார்கள் என்பதற்கு விடை, தன் அடுத்த ஆண்டைப் பற்றிய கவலை ஓரளவு தணிந்தவருக்குத்தான் இன்றைய வேலையில் மனம் நிற்கும் என்பதாகவே இருக்க முடியும்.

கற்ற பாடம் தங்கிவிடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். நோக்கியாவின் கைபேசிப் பிரிவு 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது. அவ்வாண்டு ஜூலை 17ஆம் தேதி அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்கு இரண்டு மடல்கள் போயின. மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அலுவலர் சத்யா நாதெல்லாவின் மடல் தொடக்கத்திலேயே, அடுத்த ஓராண்டில் 18,000 வேலைகள் வரை குறைக்கப்படும் என்று எண்ணைச் சொன்னது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் தெரிவிக்கப்படும் என்றும், அவரவர் பிரிவுத் தலைவர் அன்றே மேலும் விளக்குவார் என்றும் சொன்னது. கைபேசிப் பிரிவின் பொறுப்பில் இருந்த ஈலோப்பின் மடலோ நண்பருக்கு எழுதும் தோரணையில் வணக்கம் சொல்லித் தொடங்கி, லூமியாவின் எதிர்காலம், விலை குறைந்த கைபேசிகளின் சந்தை, பொறியியல் குழுக்களின் இடமாற்றம் என்று பத்தி பத்தியாக நடந்து, வெகு தூரம் கடந்த பிறகே 12,500 பேர் குறைக்கப்படுவதை மதிப்பிடப்பட்ட ஒரு குறைப்பாகக் குறிப்பிட்டது. எண்ணிக்கையைத் தேடிக்கொண்டே அந்த மடலை உருட்டியவருக்கு, நடுவில் இருந்த உத்தி விளக்கம் ஒரு வரியும் தலையில் ஏறியிருக்காது. மோசமான செய்தியை மூன்றாவது பத்திக்குள் சொல்லாத சுற்றறிக்கையைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஒவ்வொரு மனிதவளத் துறைக்கும் இருக்க வேண்டும்.

ஒப்பீட்டில் என் சாய்வு தெளிவாகவே இரண்டாம் வழியின் பக்கம். பிப்ரவரி மடலும் பிரிட்ஜ் திட்டமும் கெட்ட செய்தியை மறைக்கவில்லை என்ற அளவில் ஒன்றுதான். ஒன்று செய்தியை எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் வீசியது. மற்றொன்று அதை ஒவ்வொருவரிடமும், அவர் செய்யக்கூடிய ஏதோ ஒன்றுடன் சேர்த்துக் கொடுத்தது. ஆனால் இரண்டாம் வழிக்குப் பணமும் அவகாசமும் வேண்டும். எல்லாவற்றையும்விட, முடிவு நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும்.

கையில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்தது. 2006இல் உற்பத்தி தொடங்கிய திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை, வருமான வரித் துறையுடனான வழக்கில் முடக்கப்பட்ட சொத்துகளுள் ஒன்றாக இருந்ததால், மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்ட பிரிவில் சேராமல் வெளியே நின்றது. மைக்ரோசாஃப்டுக்கே ஒப்பந்த அடிப்படையில் கைபேசி செய்துகொடுத்தது. 2014இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் வழியே ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். அந்த ஒப்பந்தமும் முடிவுக்கு வர, நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. வழக்கு எப்போது முடியும், கொள்முதல் எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஆலைக்கு வெளியே இருந்தது. அத்தகைய நிலையில் உறுதிமொழி கொடுக்கும் மேலாளரைவிட, எந்த முடிவு யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதியில் எது தெரியவரும், விருப்ப ஓய்வை இன்று ஏற்பவருக்கும் காத்திருப்பவருக்கும் கிடைக்கும் தொகையில் என்ன வேறுபாடு என்பதை எழுத்தில் கொடுக்கும் மேலாளரே தொழிலாளிக்குப் பயன்படுவார்.